மேட்டில் நின்ற அமரர் ஊர்தி

பேய்க்குப் பயப்படுகிறவர்கள் இதை வெளிச்சத்தில் படியுங்கள். பயப்படாதவர்கள் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன்.

எங்கள் ஊர் அமரர் ஊர்தி பழைய டீசல் வண்டி. அது கக்கிய கரும்புகையில், பின்னால் நடக்கிறவர்கள் அழுகிறார்களா இருமுகிறார்களா என்றே தெரியாது. ஊர்ச் சங்கம் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி பொருத்தியது. கரியை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும் டப்பா அது. புகை நின்றது. சங்கத் தலைவர் தங்கராசுவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மழைக்காலம் முடிந்து ஒரு சாவு. மேளமும் பூவுமாக, வழக்கம்போல நடைவேகத்தில் போன வண்டி, சுடுகாட்டு மேடு ஏறும் இடத்தில் ஒரு முனகலோடு நின்றது. யாரும் சொல்லாமலே மேளக்காரர்கள் கையை நிறுத்தினார்கள். எதிரே, போன வருஷம் புருஷனைப் பறிகொடுத்த தையற்காரி செவந்தியின் வீடு. அவள் வாசலில் நின்றிருந்தாள். பிணத்தை இறக்கித் தோளில் சுமந்து போனார்கள். ஆளெல்லாம் போனபின் வண்டி சமர்த்தாகக் கிளம்பி, காலியாக இறக்கத்தில் இறங்கியது.

அடுத்த சாவிலும் அதே இடம், அதே முனகல். வாசலில் செவந்தி.

“ஒம் புருசன் பேயா நின்னு பிணத்தப் போகவிட மாட்டேங்கான். அடுத்த சாவுக்குள்ள வீட்டக் காலி பண்ணிரு” என்றார் தங்கராசு.

“அவரு கட்டுன வீடு அண்ணாச்சி. நான் எங்க போவேன்?” என்றாள்.

மெக்கானிக் ஜெரால்டு, வண்டியின் டிரைவர் இருளப்பனைத் தனியே அழைத்தான். “டப்பா வந்ததுல இருந்துதான் வண்டிக்கு மூச்சு முட்டுது. கழத்திருவோம்ணே, ஒருத்தருக்கும் தெரியாது.”

“பின்னால வாற சனம் மூஞ்சியில மறுபடியும் புகைய அடிக்கவா?” என்று இருளப்பன் மறுத்துவிட்டான்.

அடுத்து இறந்தது தங்கராசுவின் அப்பா. அன்று காலை சங்கத்து ஆட்கள் வந்து நிற்க, செவந்தி தையல் மிஷினை ஆட்டோவில் ஏற்றி, வீட்டைப் பூட்டிக்கொண்டு தம்பி ஊருக்குப் போனாள்.

அதே காலையில் நாற்கரச் சாலையில் போனவர்கள் அவசரமாக ஓரம் ஒதுங்கினார்கள். பிணமில்லாத அமரர் ஊர்தி, வாடிய மாலைகள் படபடக்க, எதற்கோ பயந்து ஓடுவதுபோல் பறந்தது. பின்னால் ஒரு கருகல் வாடை. ஓட்டியவன் இருளப்பன். யாரிடமும் அவன் அனுமதி கேட்கவில்லை.

சாயங்காலம் வண்டி முனகாமல் மேடேறியது. பூட்டிய வீட்டைக் காட்டி, “பாத்தியளா? அவ போய்ட்டா, வண்டியும் மேடேறிட்டு” என்றார் தங்கராசு. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று இருளப்பன் வாய் திறக்கவில்லை.

செவந்தியை அனுப்பிய தங்கராசு, டப்பாவைக் கழற்றச் சொன்ன ஜெரால்டு, சொல்லாமல் வண்டியை விரட்டிய இருளப்பன். வண்டி ஏன் நின்றது? இவர்களில் யார் செய்தது சரி?

விடை: வண்டியை மறித்தது நம் மரியாதைதான். டப்பாவில் படிந்த கரி எரிய வேண்டுமானால் அவ்வப்போது வண்டியை விரட்டிச் சூடேற்ற வேண்டும். பொருத்தியவர்கள் சொல்லித்தான் போனார்கள்; பிணவண்டியை எவன் விரட்டுவான் என்று ஊர் சிரித்துவிட்டது. நடைவேகத்திலேயே ஓடிக் கரி அடைத்து, மேட்டில் இழுக்க முடியாமல் நின்றது. தங்கராசு செய்தது அநியாயம். ஜெரால்டு சொன்னது சோம்பேறித்தனம். இருளப்பன் செய்தது சரி, ஆனால் பாதிதான். செவந்தி வாசலில் நிற்கும்போதே பிணத்தோடு வண்டி அவளைத் தாண்டிப் போவதை ஊர் பார்க்க வேண்டும். அவளைக் கூட்டிவர இப்போது அவன் தயார். ஆனால் அதற்கு இன்னொருவர் சாக வேண்டுமே. டீக்கடையில் யாராவது பலமாக இருமினால், இருளப்பன் திரும்பி அவரைக் கொஞ்ச நேரம் பார்க்கிறான்.