எருமை அண்ணாச்சிக்குப் போட்ட மாலை

மருதங்காட்டுக் குளக்கரையில் விலங்குகளுக்கென்று ஒரு தேவாலயம் இருந்தது. மரங்கொத்திதான் அங்கே மணியடிக்கும். அலகுக்குக் கீழே பை தொங்கும் கூழைக்கடாதான் பாதிரியார். காணிக்கைப் பை வாங்கும் செலவுகூட அந்தச் சபைக்கு இல்லை. பாதிரியார் வாயைத் திறந்தால் போதும்!

அந்தச் சபையின் வாலிபர் சங்கத்துக்குத் தலைவன் செல்வின் என்ற இளமயில். தோகை இப்போதுதான் முளைத்திருந்தது. தலைவன் என்ற நினைப்பு மட்டும் முட்டைக்குள் இருந்தபோதே முளைத்துவிட்டது.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாதிரியார் அறிவித்தார்.

"நம்ம எஸ்தர் முயலோட வளைக்கு மேல நின்ன மரம் காத்துல சாஞ்சுட்டு. வளை வாயைப் பொளந்துகிட்டுக் கெடக்கு. உள்ள கண்ணு தொறக்காத நாலு குட்டி! மழைக்கு முன்னாடி கூரை போடணும், காஞ்ச புல்லு வேணும். வாலிபப் பிள்ளைங்க பாத்துச் செய்யுங்க."

"செஞ்சிருவோம் ஐயா!" என்று எல்லாருக்கும் முந்திக் கத்தினான் செல்வின்.

வாலிபர்கள் வீடு வீடாகப் போய்ப் பாட்டுப் பாடிப் புல் கேட்டார்கள். அந்தப் பாட்டை நிறுத்துவதற்காகவே சிலர் இரண்டு கட்டுகளாகக் கொடுத்தார்கள். கஞ்சப் பிசினாறி நரிகூட ஒரு கட்டு கொடுத்தது. மதியத்துக்குள் தேவாலய முற்றத்தில் புல் மலைபோலக் குவிந்துவிட்டது. நல்ல வேலைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

சங்கத்தின் செயலாளர் பியூலா என்ற அணில். அவள் வானத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, மேகம் கருக்குது. இப்பவே தூக்கிட்டுப் போய் வேஞ்சிருவோமா?"

"விழா வைக்காமலா?"

"கூரைதானே வைக்கச் சொன்னாங்க!"

"கூறுகெட்டவளே! சும்மா கொண்டுபோய்ப் போட்டா, நாமதான் கொடுத்தோம்னு யாருக்குத் தெரியும்?"

"எஸ்தர் அக்காவுக்குத் தெரியும்!"

"அவங்க ஒரு ஆளுதானே!" என்றான் செல்வின்.

மறுநாளே விழா ஏற்பாடானது. மேடைக்கு மெத்தை வேண்டும். குவியலிலிருந்து கொஞ்சம் உருவினார்கள். வாசலுக்கு வளைவு வேண்டும். இன்னும் கொஞ்சம் உருவினார்கள். சிறப்பு விருந்தினர் பொன்னையா எருமை. குளத்தில் பாதி அவருடைய உடம்புக்கே சரியாகப் போகும். அவர் கழுத்துக்கு ஏற்ற மாலை என்றால் சும்மாவா? நீளமான நல்ல புல்லையெல்லாம் பொறுக்கி மாலை கட்டினார்கள்.

எஸ்தரைக் காலையிலேயே மேடையில் உட்காரவைத்துவிட்டார்கள்.

"குட்டிங்க தனியாக் கெடக்குதே தம்பி..."

"வாங்குறவங்க மேடையில இல்லாம எப்படி அக்கா கொடுக்குறது?"

அவள் வளை இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். கை நீட்ட வந்தவள் வேறென்ன செய்ய முடியும்?

ஆரம்ப ஜெபம் முடிந்தது. செல்வின் தோகையை விரித்து வரவேற்புரை ஆற்றினான். வானம் இடித்தது. கைதட்டல் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் பேசினான். பிறகு மாலை போட்டார்கள். எருமை அண்ணாச்சி எழுந்தார்.

"இல்லாதவங்களுக்குக் கொடுக்கணும்!" என்றார். மாலையில் ஒரு வாய் கடித்தார். "கொடுக்குறதுல ஒரு சந்தோசம் இருக்கு!" இன்னொரு வாய் கடித்தார்.

"அண்ணே, மாலையைத் திங்குறாரு!" என்று பதறினாள் பியூலா.

"சும்மா இரு! பெரிய மனுசரை அப்படிச் சொல்லலாமா?"

மாலை முடிந்தது. பேச்சு முடியவில்லை. அண்ணாச்சி தியாகத்தைப் பற்றிப் பேசியபடியே குனிந்து மெத்தையைத் தின்றார். அன்பைப் பற்றிப் பேசியபடியே குவியலுக்கு வந்து சேர்ந்தார். செல்வின் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். தடுக்கவில்லை. தடுத்தால் விழா கெட்டுவிடுமே!

முதல் தூறல் விழுந்தது. எஸ்தர் எழுந்துவிட்டாள்.

"நான் போறேன் தம்பி! குட்டிங்க!"

"ரெண்டே நிமிசம் அக்கா! கொடுத்துருதோம்!"

திரும்பிப் பார்த்தால் ஒரு பிடி புல்தான் மீதி. ஒரு நுனியைச் செல்வின் பிடித்தான். மறு நுனியை அண்ணாச்சி கவ்விக்கொண்டார். நடுவில் எஸ்தர் கை நீட்டினாள்.

"எல்லாரும் கைதட்டுங்க!" என்றான் செல்வின்.

அண்ணாச்சி பழக்க தோஷத்தில் ஓர் இழுப்பு இழுத்தார். அதுவும் உள்ளே போய்விட்டது.

எஸ்தர் தன் வெறும் கையைப் பார்த்தாள். வளையை நோக்கி ஓடினாள். மழை கொட்டத் தொடங்கியது. சபையார் நன்றியுரைக்குக்கூட நிற்காமல் வீடு பார்த்து ஓடினார்கள். செல்வினுக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது. அவனும் பியூலாவும் எஸ்தரின் பின்னே ஓடினார்கள்.

வளைக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. குட்டிகள் கீச்சிட்டன.

"புல்லுதான் இல்ல, உன் தோகை இருக்குல்ல? உக்காரு அண்ணே!" என்று கத்தினாள் பியூலா.

செல்வின் சுற்றுமுற்றும் பார்த்தான். பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை. வளையின் வாயில் சேற்றோடு சேறாக உட்கார்ந்து, தோகையைப் பரப்பி மூடினான். அடியில் நாலு சின்ன உடம்புகள் நடுங்குவது அவனுக்குத் தெரிந்தது. அவன் அழுதுவிட்டான்.

பியூலா மற்ற வாலிபர்களைக் கூட்டிக்கொண்டு மறுபடி வீடு வீடாக ஓடினாள். இந்தத் தடவை யாரும் பாடவில்லை. பொழுது சாய்வதற்குள் கூரை வேய்ந்தாயிற்று. குட்டிகள் பிழைத்தன. செல்வின் எழுந்தபோது அவன் தோகை தேய்ந்த விளக்குமாறுபோல இருந்தது.

அடுத்த ஞாயிறு பாதிரியார் பூரித்துப்போய்ச் சொன்னார்: "நம்ம செல்வினுக்கு ஒரு பாராட்டு விழா வைப்போம்! பொன்னையா அண்ணாச்சியே தலைமை தாங்கட்டும்!"

"ஐயா, வேண்டாம்!" என்று அலறினான் செல்வின். "மிச்சமிருக்க இறகாவது எனக்கு இருக்கட்டும்!"

ஊர் பார்க்கக் கொடுக்க வேண்டும் என்று காத்திருந்தால், ஊர்ப் பெரியவர் வயிறுதான் நிறையும். இல்லாதவர் கை வெறுங்கையாகவே திரும்பும்.