அச்சுக்கு முன்

சவரிராயன் அண்ணாச்சியின் அரசியல் பத்தி சனிக்கிழமைதோறும் நாளிதழில் வரும். அதில் அடிபடாத கட்சி கிடையாது. அடிபட்டவர்கள் திட்டியிருக்கிறார்கள், வழக்குப் போட்டு அலைக்கழித்திருக்கிறார்கள். பொய் எழுதிவிட்டார் என்று மட்டும் ஒருவரும் சொன்னதில்லை. மனுஷர் எப்படிச் சாதிக்கிறார் என்று அலுவலகமே மூக்கின் மேல் விரல் வைக்கும்.

கண் மங்கியதும் அந்த இடத்தைப் பேராச்சிக்குக் கொடுத்தார். ஊர் ஊராகச் செருப்புத் தேய அலைந்த செய்தியாளர் அவள். முதல் பத்தியிலேயே அமைச்சர் குலசேகரனைப் பிடித்திருந்தாள். அவர் தொகுதியில் பாசனக் குளம் ஒன்றை மண்ணடித்து மூடி பிளாட் போட்டுக்கொண்டிருந்தார்கள். பத்தி சறுக்கினால் குளமும் போகும், அவள் பேரும் போகும்.

எழுதி முடித்தவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"எவ்வளவு தூரம் போய் அடிக்கலாம், அண்ணாச்சி?"

"எழுதினதை எடுத்துக்கிட்டு வா, தாயி" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஆட்டோ போய் நின்ற இடம் அமைச்சர் வீட்டு வாசல். உள்ளே மனு கொடுக்க வந்த கூட்டம். அமைச்சர் தாமே எழுந்து வந்து அண்ணாச்சிக்கு நாற்காலி போட்டார். அவரும் அண்ணாச்சி கையால் வாங்காத அடியில்லை.

"இந்த வாரம் நானா?" என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இத்தனை வருஷமும் பத்தி அச்சுக்குப் போகும் முன், அண்ணாச்சி அடி வாங்கப்போகிறவர் எதிரிலேயே உட்கார்ந்து படித்துக் காட்டியிருக்கிறார். அதை ஒருவரிடமும் சொல்லிக்கொண்டதுகூட இல்லை. இப்படியும் ஒரு மனுஷரா என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"படி" என்றார் அண்ணாச்சி.

பேராச்சி படிக்கத் தொடங்கினாள். 'எட்டாம் வகுப்பைத் தாண்டாதவருக்கு ஏக்கர் கணக்கு எங்கே புரியப்போகிறது' என்ற வரி வந்தது. அலுவலகத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்த வரி. அவளுக்கும் அதன்மேல் கொள்ளை ஆசை. எதிரில் இருந்த அமைச்சர் முகத்தைப் பார்த்ததும் நாக்கு புரளவில்லை. அதை விட்டு அடுத்த வரிக்குத் தாவினாள்.

'சில செல்வாக்கு மிக்கவர்கள்' என்று படித்தபோது அமைச்சர் கையை உயர்த்தினார்.

"யாரும்மா அவங்க?"

கூட்டம் மொத்தமும் அவளைப் பார்த்தது. பயந்துதான் பெயரை விட்டிருந்தாள். அண்ணாச்சி பக்கம் திரும்பினாள். அவர் பாட்டுக்குக் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"உங்க மச்சினர் தனபாலன். கரையில நின்னு லாரிக்காரங்ககிட்ட மண்ணை எங்க கொட்டணும்னு சொன்னார். நான் பார்த்தேன்."

அமைச்சர் முகம் கறுத்துவிட்டது. அடிப்பாரோ என்றுகூட நினைத்தாள்.

"மேல படி" என்றார் அமைச்சர்.

கடைசி எழுத்து வரை கேட்டுவிட்டு, எழுந்து உள்ளே போனார்.

தெருவுக்கு வந்ததும் பேராச்சி தாளைத் திரும்பப் பிரித்துப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, எழுதின வரி ஒண்ணை முழுங்கிட்டேன். எழுதாத பேரு ஒண்ணு வாயில வந்துட்டு. இப்போ அச்சுக்கு எதை அனுப்பட்டும்?"

அண்ணாச்சி ஆட்டோவுக்குக் கை காட்டினார்.

"உள்ள அவர் முகத்துக்கு நேரா சொன்னதை."