மார்த்தா கொடுத்த வெற்றுத் தாள்

தீட்சை கேட்பவர்கள் தங்கள் பெயரில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். திருவண்ணாமலையில் இருந்த அந்தச் சிறிய மடத்தின் வழக்கம் அது. மார்த்தா வெற்றுத் தாளைக் கொடுத்திருந்தாள். அமெரிக்காவையே விட்டு வந்தவளுக்கு எழுத என்ன இருக்கிறது? அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

வியாழக்கிழமை தீட்சை. செவ்வாய் காலை குரு சிவகாமவல்லி சமையற்கட்டில் சேனைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். மார்த்தாவைவிடப் பத்து வயது இளையவர். வாய் மட்டும் மூத்தது.

"ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?"

"அமெரிக்கா வரிப் படிவம்மா. பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் சொல்லித்தர ஆரம்பிச்சேனில்ல, அமெரிக்கா பாஸ்போர்ட் வச்சிருந்தா அந்தச் சம்பளத்தை அங்கேயும் சொல்லணுமாம். எனக்கு இதுதான் முதல் தடவை."

"வரி எவ்வளவு வரும்?"

"ஒண்ணும் வராது. ஆனாலும் எழுதணுமாம். இங்கே இருக்கிற பேங்க் கணக்கைக்கூட விடாம கேக்கிறாங்க. நான் எல்லாத்தையும் விட்டுட்டு வந்து நாலு வருஷமாச்சு. அவங்க ஏம்மா என்னை விட மாட்டேங்கறாங்க?"

"அப்போ எழுதாதே."

மார்த்தாவுக்கு உயிர் வந்தது. "நிஜமாவா?"

"பாஸ்போர்ட்டைக் கொடு. அடுப்பு எரியுது."

மார்த்தா சிரித்தாள். சிவகாமவல்லி சிரிக்கவில்லை. அரிப்புக்குப் பயந்து எண்ணெய் தடவியிருந்த கையை நீட்டியபடியே இருந்தார்.

மார்த்தாவின் கை, பாஸ்போர்ட் இருந்த தோள்பையை மார்போடு அழுத்திக்கொண்டது. அவளைக் கேட்டுக்கொண்டு அது செய்யவில்லை.

"அம்மா, என் பொண்ணு அங்கே இருக்கா. ஆவணியில அவளுக்குப் பிரசவம். நான் போக வேண்டாமா?"

"தாராளமா போ. யார் தடுத்தா? உனக்கு அந்த ஊர் வேணும், ஆனா அந்த ஊர் உன்னை ஒரு கேள்வி கேக்கக் கூடாதா?"

மார்த்தா தலை குனிந்தாள். அடுப்பில் புளித்தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது.

"வியாழக்கிழமை... தீட்சை உண்டாம்மா?"

சிவகாமவல்லி கையைத் துடைத்துக்கொண்டார். அலமாரியிலிருந்து அந்த வெற்றுத் தாளை எடுத்து வந்து, அவள் பையின்மேல் வைத்தார்.

"முதல்ல அந்தப் படிவத்தை முடி. அதைப் பார்த்து இதை எழுது."