சட்டம் படித்த உடும்பு

வாகைக்காட்டில் ஒரு நரி சட்டப் பள்ளி நடத்தி வந்தது. குளக்கரையில் இருந்த மருதமரத்தடிதான் வகுப்பறை. அங்கே படிக்க வருகிறவர்கள் தாங்கள் குடியிருக்கும் வளையையோ புற்றையோ பள்ளிக்குக் கொடுத்துவிட வேண்டும். அதுதான் கட்டணம்.

அதே காட்டில் உடையப்பன் என்று ஓர் உடும்பு இருந்தது. எதைப் பிடித்தாலும் விடாது. பேச்சிலும் அப்படித்தான். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் பதில் வரும்வரை எதிராளியை நகரவிடாது. ஒரு நாள் நரி இதைப் பார்த்துவிட்டது.

"தம்பி உடையப்பா! இந்த வாயை வச்சுக்கிட்டு நீ புற்றுக்குள்ள கிடக்கலாமா? சட்டம் படி! எங்க பள்ளியில படிச்ச அத்தனை பேருக்கும் வேலை. ஒருத்தர்கூடச் சும்மா இல்லை!"

உடும்புக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் அதன் மனைவி அங்காயிக்கு மனசு ஒப்பவில்லை.

"புற்றைக் கொடுத்துட்டா நான் முட்டையை எங்க வைக்கறது?" என்று கேட்டது அங்காயி.

"நான் வக்கீலாயிட்டா இதுமாதிரி பத்துப் புற்று வரும்! நீ பேசாம இரு!" என்றது உடும்பு. புற்றை நரியிடம் ஒப்படைத்துவிட்டு இருவரும் ஒரு பாறையிடுக்குக்குக் குடிபோனார்கள். நரி அன்றே அந்தப் புற்றில் ஒரு நாகப்பாம்பைக் குடிவைத்தது. நாகம் நரிக்கு வாடகையாகத் தினமும் ஓர் எலி கொடுத்தது.

ஓராண்டு படித்தது உடும்பு. தேக்கிலையில் நரியின் கால்தடம் பதித்த பட்டமும் கிடைத்தது. பட்டத்தை வாயில் கவ்விக்கொண்டு புலி ராஜாவின் சபைக்குப் போனது. சபை வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் கூடும். வெள்ளிக்கிழமை புலிக்கு விரதம். அன்றைக்குத்தான் தைரியமாகக் கிட்டே போகலாம்.

போய்ப் பார்த்தால், அங்கே ஏற்கெனவே நாற்பது பேர் தேக்கிலையோடு நின்றார்கள். எல்லோரும் அதே பள்ளியில் படித்தவர்கள்!

அன்று வந்தது ஒரே ஒரு வழக்கு. இரண்டு மைனாக்களுக்குள் ஒரு மரப்பொந்து யாருக்கு என்று தகராறு. மைனாக்கள் வந்து இறங்கியதுதான் தாமதம், "நான் வாதாடறேன்! நான் வாதாடறேன்!" என்று நாற்பது பேரும் பாய்ந்தார்கள். மைனாக்கள் வெலவெலத்துப் போய்விட்டன.

"எங்களுக்குள்ள சண்டையே இல்லைங்க!" என்று கத்திவிட்டு, ஒரே பொந்துக்குள் இரண்டும் புகுந்துகொண்டன. புலி கொட்டாவி விட்டது. சபை கலைந்தது.

இப்படியே நாலு வெள்ளிக்கிழமை போயின. வானத்தில் மேகம் திரள ஆரம்பித்தது. அங்காயிக்கு வயிறு கனத்துவிட்டது. மழை இறங்குவதற்குள் காய்ந்த இடமாக ஒன்று கிடைக்காவிட்டால் முட்டைகள் பாறையிடுக்கிலேயே நனைந்து அழுகிப்போகும். அங்காயி பாறையிடுக்கில் காய்ந்த சருகைச் சேர்க்க ஆரம்பித்தது. அதைப் பார்க்க உடும்புக்கு வலித்தது.

அது நேரே நரியிடம் போயிற்று.

"ஐயா, வேலை வேலைன்னு சொன்னீங்களே! எங்கே?"

நரிக்கும் அப்போது போதாத காலம். அந்த வருஷம் பள்ளியில் சேர்ந்தது ஒரே ஓர் ஆமை. அதுவும் இன்னும் வந்து சேர்ந்தபாடில்லை.

"வேலைதானே? இப்பவே தரேன்!" என்றது நரி. "பள்ளிக்கு ஆள் பிடிச்சுக் கொடு. கரட்டு மேல ஒரு முள்ளம்பன்றி இருக்கு பாரு, அதைச் சேர்த்துவிடு. அதோட வளை விசாலமானது. அதுல ஒரு மூலை உனக்கு. உன் பெண்டாட்டி நிம்மதியா முட்டை வைக்கட்டும்!"

உடும்பு கரட்டின் மேல் ஏறியது. முள்ளம்பன்றி வளைவாசலில் கிழங்கு கடித்துக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்து தூங்கின.

"தங்கச்சி, சட்டம் படிக்கிறியா?" என்று ஆரம்பித்தது உடும்பு. "எங்க பள்ளியில படிச்ச அத்தனை பேருக்கும் வேலை..."

"எனக்கும் ஆசைதான் அண்ணே!" என்றது முள்ளம்பன்றி. "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க இதுவரைக்கும் எத்தனை வழக்குப் பேசியிருக்கீங்க?"

தொலைவில் இடி உறுமியது. ஒரு பொய் போதும், முட்டைகளுக்கு இடம் கிடைத்துவிடும். உடும்பு அங்காயியை நினைத்தது. பிறகு தூங்கும் குட்டிகளைப் பார்த்தது. இதே பொய்யை நம்பித்தானே நானும் போனேன் என்று நினைத்ததும் அதற்கு அவமானமாக இருந்தது.

"ஒண்ணுகூட இல்லை, தங்கச்சி" என்றது. "உன்னை மாதிரி ஆளைப் பிடிக்கிறதுதான் எனக்குக் கிடைச்ச வேலை. வளையைக் கொடுத்துடாதே!"

முள்ளம்பன்றிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

"அப்ப உங்க புற்று?"

"அதுல நாகப்பாம்பு இருக்கு."

"பிறகு ஏன் இங்க வந்து நிக்கறீங்க? நாளைக்கு வெள்ளிக்கிழமை! படிச்ச படிப்பை வச்சு உங்க வழக்கை நீங்களே பேசுங்க. நான் சாட்சிக்கு வரேன்!"

மறுநாள் காலை புலியின் சபையில் உடும்பு எழுந்து நின்று, வேலை என்று ஏமாற்றிப் புற்றை வாங்கிக்கொண்டதாக நரியின்மேல் வழக்கு வைத்தது. புலி நரியை வரவழைத்தது. முள்ளம்பன்றி நடந்ததைச் சொன்னது. நரி கொஞ்சமும் அசரவில்லை.

"ராஜா! வேலை தரேன்னு சொன்னேன். தந்துட்டேன். இதுல என்ன தப்பு?"

உடும்பு கேட்டது: "என்ன வேலை?"

"பள்ளிக்கு ஆள் சேர்க்கிற வேலை."

"அப்படிச் சேர்ந்தவங்க படிச்சு முடிச்சா?"

"அவங்களும் ஆள் சேர்ப்பாங்க."

"அவங்க சேர்த்தவங்க?"

நரி மேலே பார்த்தது. "மழை வரும்போல இருக்கே, ராஜா" என்றது.

"அவங்க சேர்த்தவங்க?" என்றது உடும்பு.

"எனக்குத் தொண்டை கட்டியிருக்கு..."

"அவங்க சேர்த்தவங்க?"

ஏழு தடவை கேட்டது. பிடியை விடவே இல்லை. ஏழாவது தடவை நரி தலையைத் தொங்கப் போட்டது. பின்னால் நின்ற நாற்பது பேரில் ஒரு கீரி மெல்லச் சொன்னது: "ராஜா, எனக்கும் அதே வேலைதான்." "எனக்கும்!" "எனக்கும்!" என்று ஆளாளுக்குக் குரல் கொடுத்தார்கள்.

புலி சிரித்தது. "அப்படின்னா கடைசியில காட்டுல எல்லாரும் வக்கீல். வளையெல்லாம் உன்னுது! பொழுது சாயறதுக்குள்ள அவங்கவங்க வளையைத் திருப்பிக் கொடுத்துடு. நாளைக்குச் சனிக்கிழமை, ஞாபகம் இருக்கட்டும்!"

நரி ஓட்டமாக ஓடியது. நாகம் முணுமுணுத்துக்கொண்டே புற்றைக் காலி செய்தது. அன்று மாலையே அங்காயி புற்றுக்குள் முட்டைகளை இட்டு மண்ணால் மூடியது. மறுநாள் மழை கொட்டித் தீர்த்தது. முட்டைகள் நனையவில்லை.

உடும்புக்கு அதன் பிறகு வேறு வழக்கே வரவில்லை. பழையபடி வண்டு பிடித்துத் தின்று காலம் தள்ளியது.

சேரச் சொல்லி அழைப்பவர் பேச்சை மட்டும் நம்பி ஒரு படிப்பில் சேரக் கூடாது. அதைப் படித்து முடித்தவர் இன்று எப்படிப் பிழைக்கிறார் என்று அவரிடமே போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.