ஆகார் வைத்த பெயர்

“இந்தப் பெயரை இனி என் வாயால சொல்லமாட்டேன், டீச்சர்!”

மாசிலாமணி எபிரெயப் புத்தகத்தை மேசைமேல் தொப்பென்று போட்டார்.

ஜெபக்கனி டீச்சர் நிமிர்ந்தாள். அவரைவிட வயதில் சின்னவள். ரயில்வே வேலை முடிந்து சபைக்கு உபதேசியாராக வந்த அவருக்கு எபிரெயம் கற்றுக்கொடுப்பவள்.

“எந்தப் பெயர், அண்ணாச்சி?”

“எல் ரோயீ. என்னைக் காண்கிற தேவன். நேத்து அதைத்தான் பிரசங்கம் பண்ணினேன். யேகோவாயீரேயும் சொன்னேன். ஜனங்க அல்லேலூயா போட்டாங்க.”

“அப்புறம்?”

“வெளியே வந்தா, சர்ச் கேட் பக்கத்தில ஒரு பொம்பளை. தோள்ல காய்ச்சல்ல துவண்டுபோன பிள்ளை. நம்ம சபை மூப்பர் வீட்டு வேலைக்காரி. பிள்ளைக்கு முடியலைன்னு லீவு கேட்டிருக்கா. துணி மூட்டையைத் தூக்கித் தெருவில எறிஞ்சிட்டாங்க.”

“மூப்பர் என்ன சொன்னார்?”

“கர்த்தர் பார்த்துக்கொள்வார்னார். காரில ஏறிப் போயிட்டார்.”

“யேகோவாயீரேக்கு நீங்க சொன்ன அர்த்தம்தானே அது?”

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது.

“கேலி பண்ணாதீங்க. எனக்கு வயிறு எரியுது. இப்ப வரும்போதும் பார்த்தேன், பஸ் ஸ்டாண்டில கிடக்கா. காண்கிற தேவன் எதைக் கண்டுகிட்டிருக்கார்? பார்த்துக்கிட்டே சும்மா இருக்கிறவருக்கு இப்படி ஒரு பெயரா?”

டீச்சர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டாள்.

“எல் ரோயீன்னு பெயர் வச்சது யாரு?”

“ஆகார்.”

“அவ யாரு?”

“எகிப்துக்காரி. அடிமை. வயித்துப் பிள்ளையோட வனாந்தரத்துக்கு ஓடினவ.”

“யார் வீட்டிலிருந்து?”

“ஆபிரகாம் வீட்டிலிருந்து.”

“யேகோவாயீரேன்னு பெயர் வச்சது?”

மாசிலாமணி தயங்கினார். “ஆபிரகாம்.”

“ரெண்டு பெயருக்கும் வேர் ஒண்ணுதான், அண்ணாச்சி. பார்க்கிறது. ரெண்டும் ஒரே வீட்டிலிருந்து வந்தது.”

அவள் வேதத்தைத் திறந்து அவர் பக்கம் தள்ளினாள்.

“அந்த வீட்டில ஆகாரை என்னன்னு சொல்றாங்க? பாருங்க.”

அவர் விரல் வைத்துத் தேடினார்.

“அடிமைப்பெண். எஜமானி சாராயும் அப்படித்தான் சொல்றா. ஆபிரகாமும் அப்படித்தான்.”

“பெயரைச் சொல்லி முதல்ல கூப்பிட்டது யாரு?”

விரல் நகர்ந்து, வனாந்தரத்து நீரூற்றண்டையில் ஆகார் இருக்கிற வசனத்தில் வந்து நின்றது.

“தேவதூதன்.”

டீச்சர் வேதத்தைப் பட்டென்று மூடினாள். இப்போது அவள் முகமும் சிவந்திருந்தது.

“சர்ச் கேட் பக்கத்தில நின்னாளே, அவ பெயர் என்ன?”

மாசிலாமணி வாயைத் திறந்தார். வேலைக்காரி என்ற சொல்தான் நாக்கில் இருந்தது.

எழுந்து வெளியே நடந்தார்.

பஸ் ஸ்டாண்டில் அவள் தூணில் சாய்ந்திருந்தாள். பிள்ளை மூட்டைமேல் கிடந்தது.

“உன் பெயர் என்னம்மா?”

அவள் சீறினாள்.

“எதுக்கு? அடுத்த பிரசங்கத்துக்கா? அந்த வீட்டுக்கு ஜெபம் பண்ண வரும்போதெல்லாம் என் கையாலதான காப்பி வாங்கிக் குடிச்சீக? அப்பல்லாம் பேரு தெரிய வேண்டாம். இப்ப மட்டும் தெரியணுமோ?”



மாசிலாமணி குனிந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டார். கொதித்தது. அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார்.

“திட்டிக்கிட்டே வாம்மா. ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

வழிநெடுகத் திட்டினாள். மூப்பரை, மூப்பர் பெண்டாட்டியை, உபதேசியாரை, உபதேசியாரின் கடவுளை. அவர் எதையும் மறுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.

“பேச்சித்தாய்,” என்றாள், அதையும் ஒரு வசவைப்போல.