இரண்டு விரல் காட்டிய திசை

பஞ்சாலை பெல்ட்டில் இடது கட்டைவிரலைப் பறிகொடுத்த நாளிலிருந்து, பொன்னுரங்கம் அந்தக் கையைக் கால்சட்டைப் பைக்குள்ளேயே வைத்துப் பழகிவிட்டார். நாற்பது வயதைத் தாண்டி, மோட்டார் வேலை கற்கப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தபோதும் அது பைக்குள்தான் இருந்தது.

ஆசிரியை மரகதவல்லி அவரைவிட வயதில் மிகவும் இளையவர்.

அன்று வகுப்பில் ஆசிரியை தன் இடது கையை உயர்த்தி மூன்று விரல்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக விரித்துக் காட்டினார்.

"சுட்டுவிரல் காந்தப்புலம். நடுவிரல் மின்னோட்டம். கட்டைவிரல் காட்டுற பக்கம் கம்பி நகரும். எல்லாரும் கையைத் தூக்குங்க."

எல்லாரும் தூக்கினார்கள். பொன்னுரங்கம் குனிந்துகொண்டார்.

வகுப்பு கலைந்ததும் அவர் மட்டும் நின்றார்.

"டீச்சர், வலது கையில வெச்சுப் பாத்தா எல்லாம் எதிர்ப்பக்கமா வருதுங்க. இடது கையில, திசை சொல்ற விரலே எனக்கில்லைங்க. நான் எதை வெச்சு ஞாபகம் வெச்சுக்கறது?"

மரகதவல்லி ஒரு லாடக் காந்தத்தை மேசைமேல் படுக்கவைத்தார். அதன் இரு முனைகளுக்கும் நடுவே ஒரு செம்புக் கம்பியை ஊஞ்சல் போலத் தொங்கவிட்டார். பேட்டரியின் வயர்களைப் பொன்னுரங்கத்தின் கையில் கொடுத்தார்.

"கம்பியில தொடுங்கண்ணா."

தொட்டார். கம்பி வெளியே துள்ளியது.

"வயரை மாத்தித் தொடுங்க."

உள்ளே இழுபட்டது.

"காந்தத்தைப் புரட்டுங்க."

மறுபடி வெளியே. பொன்னுரங்கம் விடவில்லை. மாற்றினார், புரட்டினார், தொட்டார். எப்போது கை பையை விட்டு வெளியே வந்தது என்று அவருக்கே தெரியாது.

"இப்பத் தொடாம, கம்பி எந்தப் பக்கம் போகும்னு சொல்லுங்க."

பொன்னுரங்கம் இடது கையின் இரண்டு விரல்களை நீட்டினார். கண்ணை மூடினார். கட்டைவிரல் இருந்த இடத்தில் ஏதோ சுருக்கென்று இழுத்தது.

"உள்ளே."

தொட்டார். கம்பி உள்ளே போனது.

மரகதவல்லி காந்தத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். மேசையில் காந்தம் நிமிர்ந்து நின்றது. வடமுனை இடப்பக்கம், தென்முனை வலப்பக்கம். நடுவே மெல்லிய அலுமினிய நாடா ஒன்று தளர்வாகக் கிடந்தது. மின்னோட்டம் மாணவரை நோக்கி வரும்படி இணைப்பு.

பொன்னுரங்கத்தின் முறை வந்தது. தேர்வாளரின் பார்வை அந்தக் கையில் விழுந்தது. அவர் குரல் இறங்கியது.

"உங்களுக்கு இது வேண்டாங்க. நான் வேற கேள்வி கேக்கறேன்."

மரகதவல்லி வாசலருகே அசையாமல் நின்றார்.

"வேண்டாங்க சார்," என்றார் பொன்னுரங்கம். "எல்லார்கிட்டயும் கேட்டதையே கேளுங்க."

"சரி. நாடா எந்தப் பக்கம் போகும்?"

பொன்னுரங்கம் தன் இடது கையை எல்லாரும் பார்க்க உயர்த்தினார். சுட்டுவிரல் வலப்பக்கம். நடுவிரல் தன் நெஞ்சை நோக்கி. மற்ற விரல்கள் மடங்கின.

"மேலே."

தேர்வாளர் சுவிட்சைப் போட்டார். நாடா விருட்டென்று மேலே வளைந்து எழுந்தது. பின்னாலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். தேர்வாளர் சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இடது கையைத்தான்.

வெளியே வேப்பமரத்தடியில் பொன்னுரங்கம் ஆசிரியையைப் பிடித்தார். நடையில் ஒரு நிமிர்வு வந்திருந்தது. கை வீசி வந்தார்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா டீச்சர்? ரெண்டு விரலே போதும்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே. எதுக்குங்க அத்தனை நேரம் என்னைத் தொட வெச்சீங்க?"

மரகதவல்லி சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே சொன்னார்:

"நான் சொல்லியிருந்தா, நீங்க என் கட்டைவிரலைத்தாண்ணா ஞாபகம் வெச்சிருப்பீங்க. உங்களுதை இல்ல."