ஏப்ரல் ஆறுக்கு முன் ஒரு கையெழுத்து

இந்தக் கதையில் கெட்டவர் எவரும் இல்லை. தீர்ப்புச் சொல்வது கடினமாக இருப்பதும் அதனால்தான். மூன்று பேரையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிவில் உங்களிடம் ஒன்று கேட்பேன்.

லண்டனுக்கு வடமேற்கே, ஹாரோவில், தமிழ் முதியவர்களுக்கென்று சிறிய இல்லம் ஒன்று இருந்தது. பதின்மூன்று பேர் அங்கே வாழ்ந்தார்கள். பாதிப் பேருக்கு மறதி நோய். பழகிய ஆங்கிலமெல்லாம் நினைவிலிருந்து போய், தமிழ் மட்டும் மிஞ்சியிருந்தது. இல்லத்தைத் தொடங்கியவர் கேதாரநாதன். ஒருவரைச் சேர்க்கும்போதெல்லாம், கடைசி நாள் வரைக்கும் அவர் இங்கேதான் இருப்பார் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுப்பார். எழுத்தில் அல்ல, வாயால்தான்.

முதலீடு செய்தவர் திலகேஸ்வரி. கணவர் இறந்தபின் வீட்டை விற்று, வந்ததில் பெரும்பகுதியை இந்த இல்லத்தில் போட்டுவிட்டு, ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். அவருடைய முதுமைக்கு வேறு பிடிமானம் இல்லை. மூன்றாமவர் வதனி, இல்லத்தின் மேலாளர். சம்பள உயர்வுக்குப் பதிலாகச் சிறு பங்கு பெற்றவர். பெரிய பங்குகள் இரண்டும் சமம் என்பதால், அவர்கள் இருவரும் முரண்பட்டால் வதனியின் கையெழுத்துத்தான் முடிவு.

அக்டோபர் கடைசியில் பட்ஜெட் வந்தது. ஊழியர்களுக்காக முதலாளி கட்டும் தேசியக் காப்புறுதி ஏப்ரலிலிருந்து கூடும். குறைந்தபட்சச் சம்பளமும் கூடும். தொழிலை விற்றுவிடலாம் என்றால், அந்த லாபத்தின் மீதான வரியும் ஏப்ரல் ஆறாம் திகதி உயரும். கேதாரநாதனிடம் இருபத்திரண்டு ஊழியர்கள் இருந்தார்கள். அடுத்த கோடையை இல்லம் தாண்டாது என்று அந்த வாரமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. தன் சம்பளத்தை நிறுத்தினார். குடியிருந்த வீட்டை அடகு வைத்தார். முதியவர்களுக்காக உள்ளூர் ஆட்சியான கவுன்சில் தரும் தொகையைக் கூட்டச் சொல்லிக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். கூட்டினார்கள், ஆனால் செலவு கூடிய அளவுக்கு இல்லை. எப்படியும் ஒரு வழி பிறக்கும் என்று நான்கு மாதம் தனியாகக் காத்திருந்தார். சாப்பாட்டு மேசையில் முதியவர்களோடு உட்கார்ந்து சிரித்துப் பேசுவார். பிறகு காருக்குள் போய், கதவைப் பூட்டிக்கொண்டு அழுவார்.

மார்ச் தொடக்கத்தில் வங்கிக் கடிதம் ஒன்று திலகேஸ்வரியின் கண்ணில் பட்டது. எல்லாம் வெளியே வந்தது. அவர் சண்டை பிடிக்கவில்லை. பத்தே நாளில் வாங்குபவர் ஒருவரைத் தேடிப் பிடித்தார். இல்லத்தை இடித்து அடுக்குமாடி கட்ட நினைத்த பில்டர் அவர். நல்ல விலை, ஏப்ரல் ஆறுக்கு முன்பே முடித்துவிடலாம். நிபந்தனை இரண்டு: ஆறு வாரத்தில் முதியவர்கள் வெளியேற வேண்டும், கையெழுத்தாகும்வரை விஷயம் எவர் காதுக்கும் போகக் கூடாது.

கேதாரநாதன் பேனாவைத் தொட மறுத்தார். அத்தனை பிள்ளைகளுக்கும் வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்.

"நான் ஒருத்தருக்கும் வாக்குக் குடுக்கேல்லை, அண்ணை," என்றார் திலகேஸ்வரி. "உங்கட வாக்கைக் காப்பாத்த என்ர காசைப் பிடிச்சு வைக்காதேங்கோ. எனக்கு அறுபத்து நாலு வயசு."

இருவரும் வதனியைப் பார்த்தார்கள். அவர் ஒரு நாள் அவகாசம் கேட்டார்.

மறுநாள் காலை, நிபந்தனையை மீறி, பதின்மூன்று குடும்பங்களையும் வதனி தொலைபேசியில் அழைத்தார். இல்லம் எந்த நிலையில் இருக்கிறது, யார் விலைக்குக் கேட்கிறார்கள், எத்தனை நாள் இருக்கிறது என்று உள்ளபடி சொன்னார். பிறகு திலகேஸ்வரியிடம் வந்து தான் செய்ததையும் சொன்னார்.

"என்னை அழிச்சுப் போட்டாய், பிள்ளை," என்றார் திலகேஸ்வரி.

செய்தி பரவியதும் பில்டர் விலகிக்கொண்டார். இரண்டு குடும்பங்கள் பயந்துபோய் உடனே வேறு இடம் பார்த்தன. அப்படிப் போனவர்களில் ஒருவரான யோகம்மாவுக்குக் கடற்கரை ஊர் ஒன்றில்தான் இடம் கிடைத்தது. தமிழ் மட்டுமே பேசிய அவருக்கு என்ன வேண்டும் என்று அங்கே எவருக்கும் விளங்கவில்லை. சாப்பாட்டை நிறுத்திக்கொண்ட அவர் ஐந்தாவது வாரம் இறந்துபோனார். இல்லத்திலேயே தங்கிய இன்னொரு முதியவரின் மகள், வேறு முதியோர் இல்லங்களை நடத்தும் ஒரு கம்பெனியை அழைத்து வந்தார். அவர்கள் எல்லாவற்றையும் பரிசோதித்து வாங்கியபோது மே மாதம் முடிந்திருந்தது. பில்டர் சொன்னதில் பாதி விலைதான். அதன் மீது புதிய வரி.

பதினொரு பேர் தங்கள் கட்டிலிலேயே தங்கினார்கள். ஊழியர்களில் பெரும்பாலோருக்கு வேலை நிலைத்தது. கேதாரநாதன் வீட்டை இழந்தார். திலகேஸ்வரி இன்று ஒரு சூப்பர்மார்க்கெட்டின் குளிர்க்கிடங்கில் கையுறை போட்டுப் பெட்டி அடுக்குகிறார்.

கொடுத்த வாக்குக்காகத் தன் வீட்டையே அடகு வைத்துவிட்டு வாய் திறக்காதவர் ஒருவர். தன்னுடையதைக் காலம் கடக்குமுன் மீட்கப் பார்த்தவர் ஒருவர். இரகசியத்தை உடைத்து உண்மையைச் சொன்னவர் ஒருவர். சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

விடை: வதனி செய்ததுதான் சரி. போக வேண்டியவர்களுக்கே தெரியாமல் அவர்கள் போகும் நாளைக் குறிக்க எவருக்கும் உரிமை இல்லை. திலகேஸ்வரி கேட்டதிலும் பிழையில்லை, தன்னுடையதைத்தான் கேட்டார். பிழை கேதாரநாதனின் மௌனத்தில் இருக்கிறது. அக்டோபரிலேயே சொல்லியிருந்தால், முதியவர்களை வைத்துக்கொள்ளும் கம்பெனியும் கிடைத்திருக்கும், பழைய வரியும் கிடைத்திருக்கும், யோகம்மாவை அவசரமாக அனுப்பவும் வேண்டியிருந்திருக்காது. தன் வீட்டை மட்டும் பணயம் வைத்ததாக அவர் நினைத்தார். எல்லோருடைய நான்கு மாதங்களையும் சேர்த்தே வைத்துவிட்டார். ஆனால் சரியானதைச் செய்ததால் வதனிக்கு நிம்மதி வந்துவிடவில்லை. தன் பங்குக்குக் கிடைத்த பணம் முழுவதையும் திலகேஸ்வரிக்கு அனுப்பினார். ஒரு வார்த்தைகூட இல்லாமல் அது திரும்பி வந்தது.